கிராசிங் விடுவதற்கு முன் நாய்க்கு என்னென்ன பரிசோதனை? புதுச்சேரி, கடலூர் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

லேப், ஜெர்மன் ஷெப்பர்ட், பக், டால்மேஷன், ராஜபாளையம் என்று இன நாய் வளர்க்கிற நம் பக்கத்து வீடுகளில், நாய்க்கு இரண்டு வயது நெருங்கியதும் ஒரு பேச்சு வரும்: "ஒரு கிராசிங் விட்டுடலாமா?" விடலாமா வேண்டாமா என்பதை அந்த நாயின் இடுப்பும் கண்ணும் இதயமும் ரத்தமும் சொல்லவேண்டும். அதைப் பற்றித் தடுப்பூசி முகாம்களிலும் போனிலும் என்னிடம் திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நான் மருத்துவர் இல்லை. பல வருடமாக லேப் வளர்ப்பவள். இந்த விஷயத்துக்காகப் பல வீட்டு நாய்களோடு துணைக்கு ஆஸ்பத்திரி போய்வந்தவள். உங்கள் நாய்க்கு எது தேவை என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

எங்க லேப் நல்லா சாப்பிடுது, பீச்ல ஓடுது, ஒரு நோய் நொடி கிடையாது. அதுக்கு எதுக்கு டெஸ்ட்?

பரம்பரை நோய்களில் பல, நாய் குட்டி போடும் வயதைத் தாண்டிய பிறகுதான் வெளியே தெரியும். லேப், காக்கர் ஸ்பேனியல் போன்ற இனங்களில் வரும் பிஆர்ஏ என்ற விழித்திரைத் தேய்வை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் இருட்டில் பார்வை மங்கும். மாலையில் மாடிப்படி இறங்கத் தயங்கும், அவ்வளவுதான். வீட்டில் உள்ளவர்கள் கவனிக்கும்போது நாய்க்கு மூன்று முதல் ஐந்து வயது ஆகியிருக்கும். அதற்குள் இரண்டு தடவை குட்டி போட்டிருந்தால், அந்தக் குட்டிகள் எல்லாம் வேறு வேறு வீடுகளில் வளர்ந்துகொண்டிருக்கும்.

இன்னொரு வகையும் உண்டு. அப்பா அம்மா இருவருமே நோய் மரபணுவில் ஒரு பிரதியை மட்டும் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு ஆயுள் முழுக்க அந்த நோய் வராது. குட்டிக்கு இரு பக்கமிருந்தும் ஒவ்வொன்று வந்து சேர்ந்தால் வரும். பெற்றவர்களைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

கேசிஐ பேப்பர் இருக்கு. அப்பா சாம்பியன். அது போதாதா?

கெனல் கிளப் ஆஃப் இந்தியா பதிவுப் பேப்பர் சொல்வது, உங்கள் நாயின் அப்பா யார், அம்மா யார், தாத்தா பாட்டி யார் என்பதை. அது மிகவும் வேண்டிய தகவல்தான். நெருங்கிய உறவில் சேர்க்காமல் இருக்க அது இல்லாமல் முடியாது. ஆனால் இடுப்பு மூட்டு எப்படி, கண் எப்படி என்று அதில் ஒரு வரியும் இருக்காது. சாம்பியன் பட்டமும் அப்படித்தான். ஷோ ரிங்கில் நடுவர் உடலமைப்பையும் நடையையும் குணத்தையும் பார்ப்பார். விழித்திரையை அங்கே யாரும் பார்ப்பதில்லை.

பேப்பரோடு மருத்துவ ரிப்போர்ட்டையும் கேளுங்கள். இரண்டிலும் ஒரே மைக்ரோசிப் எண் இருக்கவேண்டும். சிப் எண் 15 இலக்கம். எக்ஸ்ரே படத்திலேயே அந்த எண்ணும் எடுத்த தேதியும் பதிந்திருந்தால்தான் அது அந்த நாயின் இடுப்பு என்று நம்பமுடியும். பெயர் மட்டும் பேனாவால் எழுதிய படத்தைக் காட்டினால் நான் ஏற்றுக்கொள்ளமாட்டேன்.

எந்த ஜாதிக்கு என்ன டெஸ்ட் எடுக்கணும் அக்கா? ஒரு லிஸ்ட் கொடுங்க.

நம் பக்கத்தில் அதிகம் உள்ள இனங்களை மட்டும் சொல்கிறேன். லேப்ரடாருக்கும் கோல்டன் ரெட்ரீவருக்கும் இடுப்பு, முழங்கை எக்ஸ்ரே, கண் பரிசோதனை, பிஆர்ஏவுக்கான டிஎன்ஏ பரிசோதனை. லேபுக்குக் கூடுதலாக இஐசி என்ற ஒன்று. இந்தக் கோளாறு உள்ள நாய் ஐந்து முதல் இருபது நிமிடம் வேகமாக ஓடி விளையாடிய பிறகு பின்னங்கால் தள்ளாடி விழும், கொஞ்ச நேரத்தில் எழுந்துவிடும். நம் ஊரில் இதை வெயில் மயக்கம் என்று தண்ணீர் ஊற்றிவிட்டு மறந்துவிடுகிறார்கள். டிஎன்ஏ பரிசோதனையில் இது தெளிவாகத் தெரியும். கோல்டனுக்கு இதயமும் பார்க்கவேண்டும்.

ஜெர்மன் ஷெப்பர்டுக்கு இடுப்பு, முழங்கை, அப்புறம் டிஎம் என்கிற தண்டுவடத் தேய்வுக்கான டிஎன்ஏ. அது பெரும்பாலும் எட்டு வயதுக்கு மேல் பின்னங்கால் இழுப்பதில் தொடங்கும். ராட்வெய்லருக்கு இடுப்பு, முழங்கை, இதயம். டாபர்மேனுக்கு இதயம்தான் முதல் வேலை. எக்கோ ஸ்கேனும், 24 மணி நேரம் இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர் கருவியும் வேண்டும். அதை வருடம் ஒருமுறை திரும்ப எடுக்கவேண்டும். டாபர்மேனில் சில நேரம் இதயநோயின் முதல் அறிகுறியே திடீர் மரணம்தான். ரத்தம் உறையாத வான் வில்லிபிராண்ட் நோய்க்கு டிஎன்ஏ பரிசோதனை உண்டு.

பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய இனங்களில் முழங்கால் சில்லு நழுவும். அதற்கு இயந்திரம் எதுவும் வேண்டாம். அனுபவமுள்ள மருத்துவர் கையால் அழுத்திப் பார்த்தே 1 முதல் 4 வரை தரம் சொல்லிவிடுவார். டால்மேஷனுக்குக் காது. பக், புல்டாக் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள், கீழே வருகிறது. எல்லா ஆண் நாய்க்கும் இரண்டு விதைகளும் பைக்குள் இறங்கியிருக்கவேண்டும். ஆறு மாதத்துக்கு மேலும் ஒன்று இறங்கவில்லை என்றால் அந்த நாயை இனப்பெருக்கத்துக்கு விடாதீர்கள், அது குட்டிக்கும் போகும்.

இடுப்பு எக்ஸ்ரேக்கு மயக்க ஊசி போடணும்னு சொல்றாங்க. அது இல்லாம எடுக்க முடியாதா?

கால் உடைந்ததா என்று பார்க்கும் எக்ஸ்ரே வேறு, இது வேறு. நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, இரண்டு பின்னங்கால்களையும் நேராக நீட்டி, ஒன்றுக்கொன்று இணையாக வைத்து, முழங்கால் சில்லு நடுவில் வரும்படி உள்பக்கம் லேசாகத் திருப்பிப் பிடிக்கவேண்டும். இடுப்பெலும்பு ஒரு பக்கம் சற்றுச் சாய்ந்தாலும் படத்தில் ஒரு மூட்டு நல்லதாகவும் மற்றது மோசமாகவும் தெரியும். விழித்திருக்கும் நாய் தசையை இறுக்கிக்கொள்ளும். தளர்ந்த மூட்டும் இறுக்கமாகத் தெரியும். அதனால்தான் மயக்கம் கொடுக்கிறார்கள்.

பயப்படவேண்டாம். முன்கூட்டியே ரத்தப் பரிசோதனை செய்து, மருத்துவர் சொன்ன நேரத்திலிருந்து சாப்பாடு கொடுக்காமல் கூட்டிப்போனால் ஆரோக்கியமான இளம் நாய்க்கு இது சிறிய விஷயம். நம் ஊர் வெயிலில் காலை நேரமாக வாங்கிக்கொள்ளுங்கள். மயக்கம் தெளியும் நாயை மதிய வெயிலில் ஆட்டோவில் கொண்டுவருவது நல்லதில்லை. பெண் நாய் ஹீட்டில் (இணை சேரும் பருவத்தில்) இருக்கும்போதும், அதை ஒட்டிய மூன்று நான்கு வாரங்களிலும், குட்டிக்குப் பால் கொடுக்கும்போதும் எடுக்கவேண்டாம். அப்போது ஹார்மோன் காரணமாக மூட்டு தளர்வாகத் தெரியக்கூடும்.

எக்ஸ்ரே எடுத்தாச்சு, டாக்டர் "நார்மல்"னு சொல்லிட்டார். அப்புறம் என்ன?

அதற்கு ஒரு தரம் வாங்கவேண்டும். உலகத்தில் பல அளவுகோல்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் 1966இல் தொடங்கிய ஓஎஃப்ஏ என்ற அமைப்பு, மூன்று எக்ஸ்ரே நிபுணர்களைத் தனித்தனியாகப் பார்க்கவைத்து எக்சலன்ட் முதல் சிவியர் வரை ஏழு தரம் கொடுக்கிறது. பிரிட்டனில் ஒரு இடுப்புக்கு 0 முதல் 53 வரை மதிப்பெண், இரண்டும் சேர்த்து அதிகபட்சம் 106. குறைவாக இருந்தால் நல்லது. எஃப்சிஐ என்ற சர்வதேச நாய்க் கூட்டமைப்பின் முறையில் ஏ முதல் ஈ வரை. டிஜிட்டல் எக்ஸ்ரேயை இங்கிருந்தே ஓஎஃப்ஏவுக்கு அனுப்பமுடியும். அது முடியாவிட்டாலும் எலும்பு மூட்டில் தனித்தேர்ச்சி பெற்ற மருத்துவர் ஒருவரிடம் காட்டி, எந்த முறையில் என்ன தரம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

எத்தனை வயசுல இதெல்லாம் எடுக்கணும்?

டிஎன்ஏ பரிசோதனையைக் குட்டியிலேயே எடுக்கலாம், முடிவு மாறாது. காது கேட்கிறதா என்பதை ஐந்தாறு வாரத்தில் பார்க்கலாம். இடுப்புக்கு பிரிட்டிஷ் முறையில் குறைந்தது ஒரு வயது, ஓஎஃப்ஏ இறுதிச் சான்றுக்கு 24 மாதம். மூட்டின் தளர்வை அளக்கும் பென்ஹிப் என்ற முறையில் 16 வாரத்திலேயே பார்க்கமுடியும், ஆனால் அதற்குப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் எடுக்கவேண்டும். கண் பரிசோதனை ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். போன லிட்டருக்கு, அதாவது போன பிரசவக் குட்டிகளுக்கு, முன்பு எடுத்த கண் ரிப்போர்ட்டை இந்த லிட்டருக்குக் காட்டுவதில் அர்த்தமில்லை.

புதுச்சேரியிலயே எடுக்கலாமா, சென்னை போகணுமா? நாங்க கடலூர்.

புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தின் மருத்துவமனையில் தொடங்குங்கள். கடலூர்க்காரர்களுக்கும் அதுதான் பக்கம். பொதுப் பரிசோதனை, ரத்தம், எக்ஸ்ரே பற்றி அங்கே பேசலாம். கண் நிபுணர், இதய எக்கோ, காதுப் பரிசோதனை போன்றவற்றுக்குச் சென்னை வேப்பேரியில் உள்ள மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரியை விசாரியுங்கள். 1903இல் தொடங்கிய கல்லூரி. சிறப்புப் பிரிவுகள் தனித்தனியாக உண்டு. எந்தப் பிரிவு எந்தக் கிழமை என்று போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஈசிஆரில் நாயை வைத்துக்கொண்டு போய் நாள் தவறித் திரும்புவது நாய்க்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

டிஎன்ஏ பரிசோதனைக்கு நாய் எங்கேயும் போகவேண்டாம். கன்னத்தின் உள்பக்கம் ஸ்வாப் தேய்த்தோ, ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் ரத்தம் எடுத்தோ கூரியரில் அனுப்பலாம். ஸ்வாபை நன்றாகக் காயவைத்த பிறகுதான் உறைக்குள் போடவேண்டும். கடலோரக் காற்றில் ஈரத்தோடு மூடினால் பூஞ்சை பிடித்து மாதிரி வீணாகும். பால் குடிக்கும் குட்டி என்றால் கடைசியாகப் பால் குடித்து ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும், தாயின் செல்கள் கலந்துவிடும்.

டிஎன்ஏ ஒண்ணு எடுத்தா எல்லா நோயும் தெரிஞ்சிடும் இல்ல?

தெரியாது. எந்த நோய்க்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்களோ, அந்த நோய் மட்டும்தான் தெரியும். இடுப்புக் கோளாறுக்குப் பல மரபணுக்கள் சேர்ந்து காரணம், வளர்ப்பும் காரணம். அதற்கு எக்ஸ்ரேதான். டாபர்மேன் இதயத்துக்கும், டிஎன்ஏ ரிப்போர்ட் சுத்தமாக வந்தது என்று எக்கோவையும் ஹோல்ட்டரையும் விட்டுவிடக்கூடாது. நூற்றுக்கணக்கான நோய்களைப் பார்க்கிறோம் என்று வரும் நீளமான ரிப்போர்ட்டுகளில் உங்கள் இனத்துக்குச் சம்பந்தமுள்ளவை நாலைந்துதான் இருக்கும். அவற்றை மருத்துவரிடம் கேட்டு வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட்ல "கேரியர்"னு வந்திருக்கு. என் பொண்ணுக்கு இனி கிராசிங்கே கூடாதா? கருத்தடை பண்ணிடட்டுமா?

அவசரப்படாதீர்கள். கேரியர் என்றால் முதல் பதிலில் சொன்ன அந்த ஒரு பிரதிக்காரர். அவளுக்கு நோய் வராது. அந்த நோய்க்கு "கிளியர்", அதாவது நோய்ப் பிரதியே இல்லை, என்று வந்த ஆண் நாயோடு சேர்த்தால் குட்டிகளில் சராசரியாகப் பாதி கிளியர், பாதி கேரியர்; ஒன்றுக்கும் அந்த நோய் வராது. குட்டிகளுக்கும் பரிசோதனை செய்து, அடுத்த தலைமுறைக்குக் கிளியர் குட்டியை வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். இரண்டு கேரியரைச் சேர்க்கவே கூடாது. ஒவ்வொரு குட்டிக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. எட்டுக் குட்டியில் ஒன்றுக்கும் வராமலும் போகலாம், நாலுக்கும் வரலாம்.

கேரியர் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டால் என்ன ஆகும்? நம் பக்கத்தில் ஏற்கெனவே கொஞ்சம் நாய்களே சுற்றிச் சுற்றி இனப்பெருக்கத்துக்கு வருகின்றன. அது இன்னும் சுருங்கும். இதுவரை தலைகாட்டாத வேறு நோய் தலைகாட்டும். நல்ல குணமும் நல்ல இடுப்பும் உள்ள கேரியர் பெண் நாயை யோசித்துப் பயன்படுத்துவதே சரி என்பது என் கருத்து.

அப்பா அம்மா ரெண்டுக்கும் இடுப்பு நல்ல தரம். ஆனா ஒரு குட்டிக்கு இடுப்பு கோளாறு. அப்போ டெஸ்ட் பொய்யா?

பொய் இல்லை. இடுப்பு விஷயத்தில் ஒரு மரபணுக் கணக்கு கிடையாது என்று சொன்னேன் அல்லவா? நல்ல இடுப்புள்ள ஜோடிக்கு மோசமான இடுப்புள்ள குட்டி பிறக்கும் வாய்ப்பு குறைகிறது, ஒழிவதில்லை. அதனால் பெற்றோரின் தரத்தோடு அவற்றின் கூடப் பிறந்தவை, முந்தைய குட்டிகள் இவற்றின் தரத்தையும் கேட்கவேண்டும். ஆறு உடன்பிறப்பில் நாலுக்கு இடுப்பு மோசம் என்றால், தனக்கு மட்டும் நல்ல தரம் வாங்கிய நாயை நான் தேர்ந்தெடுக்கமாட்டேன்.

வளர்ப்பும் பார்க்கவேண்டும். குட்டிகள் சாதாரண இடுப்போடுதான் பிறக்கின்றன, வளரும்போதுதான் தளர்வு வருகிறது. வழுக்கும் டைல்ஸ் தரையில் ஓடவிடுவதும், கொழுகொழு என்று வளர்ப்பதும் அதை மோசமாக்கும். ஒரே பிரசவத்தில் பிறந்த லேப் குட்டிகளை இரண்டிரண்டாகப் பிரித்து, ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாகச் சாப்பாடு கொடுத்து ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு ஒன்று உண்டு. குறைவாகச் சாப்பிட்டவற்றுக்கு மூட்டுத் தேய்வு குறைவாக இருந்தது. சராசரியாக ஏறத்தாழ இரண்டு வருடம் கூடுதலாகவும் வாழ்ந்தன. "பாவம், கேக்குது" என்று மூன்றாவது தடவை சோறு வைக்கும் பாட்டிமார்களிடம் இதை நான் தவறாமல் சொல்வேன்.

ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் நம்ம மண்ணு நாய். அதுக்கும் இந்த டெஸ்ட் எல்லாம் தேவையா?

தேவை. நம் வெயிலுக்குப் பழகிய, உறுதியான நாய்கள் என்பதில் சந்தேகமில்லை. 2005இல் இந்திய அஞ்சல்துறை நாய் இனங்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் ராஜபாளையமும் இருந்தது. அந்தப் பெருமையைக் காப்பாற்றவாவது பார்க்கவேண்டும். முழு வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு இருப்பது வளர்ப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். வெள்ளைத் தோலுக்கும் காதுக்கும் உள்ள தொடர்புதான் காரணம். உள்காதில் நிறமிச் செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷனிலும் அதே கதை. அமெரிக்கக் கணக்கெடுப்பில் டால்மேஷன்களில் சுமார் 8 சதவீதம் இரண்டு காதும் கேளாதவை, 22 சதவீதம் ஒரு காது கேளாதவை.

வீட்டில் தட்டைத் தட்டிப் பார்ப்பதை நம்பவேண்டாம். குட்டி தரையின் அதிர்வைக் கால் வழியாக உணர்ந்து திரும்பும். கூடப் பிறந்தவை எழுந்தால் தானும் எழும். ஒரு காது கேட்காத குட்டியை வீட்டுச் சோதனையில் பிடிக்கவே முடியாது. பேயர் என்ற பரிசோதனையில் தலையில் மெல்லிய ஊசி மின்முனைகளை வைத்து, ஒவ்வொரு காதிலும் க்ளிக் ஒலி கொடுத்து, மூளைக்குச் சமிக்ஞை போகிறதா என்று திரையில் பார்ப்பார்கள். சில நிமிடம்தான். ஒரு காது கேட்காத நாய் வீட்டுச் செல்லமாக நன்றாக வாழும். இனப்பெருக்கத்துக்கு மட்டும் வேண்டாம்.

பக் குறட்டை விடுறது சகஜம்தானே? அதுக்கு என்ன டெஸ்ட்?

சகஜம் என்று நாம் பழகிவிட்டோம். அது மூச்சுப்பாதை அடைப்பின் சத்தம். நாய் உடம்புச் சூட்டைத் தணிப்பது மூச்சிரைப்பதால்தான். நம் கடலோர ஊர்களில் மே, ஜூனில் காற்றில் இருக்கும் ஈரப்பதத்துக்கு நல்ல மூக்குள்ள நாயே திணறும். மூக்குத் துவாரம் கீறல் மாதிரி ஒடுங்கிய பக், சில்வர் பீச்சில் மாலை ஐந்து மணிக்கு நாலு அடி நடந்துவிட்டு, முன்னங்காலை அகட்டி, கழுத்தை நீட்டி, நாக்கு நீலம் பாய நிற்பதைப் பார்த்தவர்களுக்கு அது சகஜமாகத் தோன்றாது.

பிரிட்டனில் கெனல் கிளப்பும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2019இல் ஒரு முறையைக் கொண்டுவந்தன. மருத்துவர் முதலில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்பார், நாயை மூன்று நிமிடம் துள்ளு நடையில் நடக்கவைப்பார், திரும்பக் கேட்பார். 0 முதல் 3 வரை தரம். 3 வந்த நாயைக் கிராசிங் விடவே கூடாது. இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் மருத்துவரிடம் கேட்டால் இதே வகையில் நடக்கவைத்துப் பார்ப்பார். மூக்குத் துவாரம் அகலமான, நடந்தும் சத்தம் வராத பக் இருக்கின்றன. தேடினால் கிடைக்கும்.

கிராசிங்குக்கு முன்னாடி ரத்த டெஸ்ட் எதுக்கு? ரெண்டு நாயும் தடுப்பூசி போட்டதுதான்.

பரம்பரை நோய் ஒரு பக்கம், தொற்று ஒரு பக்கம். புருசெல்லா கேனிஸ் என்ற கிருமிக்கு நாய்களுக்குத் தடுப்பூசி இல்லை. கூடும்போது பரவும். பெண் நாய்க்குப் பெரும்பாலும் கடைசி மூன்று வாரத்துக்குள் கரு கலையும், ஆண் நாய்க்கு விதை வீங்கும். முழுக்கக் குணப்படுத்துவது கடினம், மனிதருக்கும் தொற்றும். ஒவ்வொரு கிராசிங்குக்கு முன்பும் இரண்டு நாய்க்கும் இந்தப் பரிசோதனை வேண்டும். "எங்க நாய் நூறு கிராசிங் பண்ணியிருக்கு" என்று ஸ்டட் (கிராசிங்குக்கு விடும் ஆண் நாய்) வைத்திருப்பவர் பெருமையாகச் சொன்னால், அந்த நாய்க்குத்தான் கண்டிப்பாக வேண்டும். டிவிடி (TVT) என்ற பிறப்புறுப்புக் கட்டியையும் மருத்துவர் கையால் பார்த்துவிடட்டும். தெருநாயோடு ஒரு தடவை கூடினாலும் வரும். காலிஃபிளவர் பூ மாதிரி இருக்கும், ரத்தம் கசியும். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு.

அப்புறம் உண்ணிக் காய்ச்சல். எர்லிச்சியா, பபீசியா இரண்டும் நம் பக்கத்தில் தாராளம். பார்க்க நன்றாக இருக்கும் நாயின் ரத்தத்தில் ஒளிந்திருக்கும். எர்லிச்சியா தட்டணுக்களைக் குறைக்கும், குட்டி போடும்போது ரத்தப்போக்கு ஆபத்து. பபீசியா தாயிடமிருந்து குட்டிக்கும் போகக்கூடும். ரத்த அணு எண்ணிக்கையும், ஒரு துளி ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியரும் குறைந்தபட்சம். 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி தெருவெல்லாம் தண்ணீர் தேங்கும் மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் பயமும் சேரும். தடுப்பூசி, பூச்சி மருந்து எல்லாவற்றையும் ஹீட் வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். சினையானபின் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசி போடமுடியாது.

எங்ககிட்ட அண்ணன் தங்கச்சி ரெண்டும் இருக்கு. நாய்க்கு என்ன உறவு முறையா பாக்கப் போறோம்?

உறவு முறை என்று பார்க்கவேண்டாம், கணக்குப் பாருங்கள். கூடப் பிறந்தவை சேர்ந்தால் குட்டியின் மரபணு இடங்களில் 25 சதவீதம் இரு பக்கமும் ஒரே மூலத்திலிருந்து வந்ததாக இருக்கும். அப்பா-மகள் என்றாலும் 25தான். அப்பா மட்டும் ஒன்று என்றால் 12.5, ஒன்றுவிட்ட சகோதரம் என்றால் 6.25. ஒளிந்திருக்கும் ஒற்றைப் பிரதிகள் ஜோடி சேரும் இடம் இதுதான். எல்லா டிஎன்ஏ பரிசோதனையும் கிளியர் என்று வந்தாலும், இன்னும் கண்டுபிடிக்காத நோய்களுக்குப் பாதுகாப்பு கிடையாது.

இதை நம் ஊரில் தெரியாமலே செய்கிறோம். பிரபலமான ஒரே ஸ்டட் நாயிடம் வில்லியனூர், பாகூர், நெல்லிக்குப்பம், பண்ருட்டி என்று எல்லோரும் போனால், ஐந்து வருடத்தில் அந்த வட்டாரத்து லேப் எல்லாம் அப்பா வழிச் சகோதரம். கேசிஐ பேப்பர் இங்கேதான் உதவுகிறது. இரண்டு பேப்பரையும் பக்கத்தில் வைத்து மூன்று தலைமுறைப் பெயர்களை ஒப்பிடுங்கள்.

ஒரு இனத்துல எல்லா நாய்க்குமே அந்த மரபணு இருந்தா டெஸ்ட் எடுத்து என்ன பண்றது?

நல்ல கேள்வி. டால்மேஷனில் அதுதான் நிலைமை. சிறுநீரில் யூரிக் அமிலம் அதிகமாகிக் கல் உண்டாக்கும் மாற்றம், தூய டால்மேஷன் ஏறக்குறைய அனைத்திலும் இரட்டைப் பிரதியாகவே இருக்கிறது. கிளியர் நாயே இல்லாத இடத்தில் தேர்ந்தெடுப்பதற்கு ஒன்றுமில்லை. அதனால் 1973இல் அமெரிக்காவில் ராபர்ட் ஷைபிள் என்ற மரபியலாளர் ஒரு பாயின்டர் நாயோடு ஒருமுறை கலந்து, பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடே சேர்த்துவந்தார். அந்த வழியில் வந்த, புள்ளியும் உருவமும் மாறாத, கல் தொல்லை இல்லாத டால்மேஷன்களை அமெரிக்கன் கெனல் கிளப் 2011இல் பதிவுக்கு ஏற்றுக்கொண்டது. "தூய ரத்தம்" என்ற பிடிவாதத்தால் நோயைக் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டியதில்லை என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

கோலி வச்சிருக்கேன். உண்ணிக்கு ஐவர்மெக்டின் ஊசி போட்டுக்கலாமா?

எம்டிஆர்1 டிஎன்ஏ பரிசோதனை எடுக்காமல் வேண்டாம். சில மருந்துகள் மூளைக்குள் போகாமல் தடுக்கும் மரபணு கெட்டிருக்கிறதா என்று பார்ப்பது அது. கோலி, ஷெல்டி போன்ற மேய்ப்பு இனங்களில் பலவற்றுக்கு இந்த மாற்றம் உண்டு, ஜெர்மன் ஷெப்பர்டிலும் சிலவற்றுக்கு இருக்கிறது. மருந்து மூளைக்குள் போய்த் தள்ளாட்டம், வலிப்பு, கோமா வரை கொண்டுபோகும். சொறிக்கும் உண்ணிக்கும் தாராளமாக இந்த ஊசி போடும் நம் பக்கத்தில், இனப்பெருக்கத்துக்கு வேண்டாம் என்றாலும் உயிருக்காக எடுக்கவேண்டிய பரிசோதனை இது.

ஒரு தடவையாவது குட்டி போட்டாத்தான் பெண் நாய் உடம்புக்கு நல்லதாமே?

அப்படி எந்த நன்மையும் இல்லை. ஒரு பிரசவம் மார்புக் கட்டியையோ, கருப்பையில் சீழ் வைக்கும் பயோமெட்ராவையோ தடுக்காது. அவற்றைத் தடுப்பது கருத்தடை அறுவை சிகிச்சை. பரிசோதனை எடுக்க மனமில்லை, குட்டிகளுக்கு வீடு தயாராக இல்லை என்றால் கிராசிங் விடாமலே இருப்பது உங்கள் பெண்ணுக்கு நீங்கள் செய்யும் நல்ல காரியம்.

வீட்டுல ஒரு லிட்டர் எடுக்கறதுக்கெல்லாம் சட்டம் இருக்கா?

குட்டிகளை விற்கப்போகிறீர்கள் என்றால் இருக்கிறது. மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 2017இல் வந்த நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகள்படி விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்யவேண்டும். 18 மாதம் ஆகாத நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது; கால்நடை மருத்துவரின் ஆரோக்கியச் சான்று வேண்டும்; எட்டு வாரத்துக்குள் குட்டியை விற்கக்கூடாது. முப்பது நாள் குட்டியைக் கூடையில் வைத்து விற்பதை இன்றும் பார்க்கிறோம். வாங்காதீர்கள்.

எல்லாம் சரி, செலவு? குட்டி விக்கிற காசு இதுக்கே போயிடும் போல.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் எடுக்கவேண்டியதில்லை. மருத்துவரின் முழு உடல் பரிசோதனையில் தொடங்குங்கள். விதை, முழங்கால், இதயச் சத்தம், பல், தோல் எல்லாம் அதிலேயே வந்துவிடும். அதில் தேறாத நாய்க்கு மேற்கொண்டு செலவே இல்லை. தேறினால் உங்கள் இனத்தின் முக்கியமான ஒன்று: லேப், ஷெப்பர்ட், ராட்வெய்லருக்கு இடுப்பு எக்ஸ்ரே, டாபர்மேனுக்கு இதயம். அப்புறம் டிஎன்ஏ. அப்பா அம்மா இருவரும் ஒரு நோய்க்குப் பரிசோதனையில் கிளியர் என்றால், குட்டிக்கு அதைத் திரும்ப எடுக்கவேண்டியதில்லை. இதற்குப் பிறகும் கட்டுப்படியாகவில்லை என்றால் அந்த லிட்டர் வேண்டாம். செலவை மிச்சப்படுத்தினால், அதைக் குட்டி வாங்கிய குடும்பம் ஆபரேஷன் தியேட்டரில் கட்டும்.

குட்டி வாங்கப் போறேன். இதெல்லாம் கேட்டா பிரீடர் கோவிச்சுக்கமாட்டாரா?

நல்ல பிரீடர் கோபப்படமாட்டார். உங்களை நம்பிக் குட்டி கொடுக்கலாம் என்று சந்தோஷப்படுவார். அம்மா நாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். அவள் உட்கார்ந்து எழும்போது பின்னங்காலைக் கவனியுங்கள், ஓடும்போது முயல் மாதிரி இரண்டு காலையும் சேர்த்து வைத்துத் துள்ளுகிறாளா பாருங்கள். ரிப்போர்ட் கேளுங்கள், சிப் எண்ணைச் சரிபாருங்கள். "எங்க லைன்ல அந்த மாதிரி எதுவும் கிடையாது" என்பது பதில் இல்லை. "டெஸ்ட் எடுத்தோம், ஒரு மூட்டு சுமார்தான், அதனால இந்த ஆண் நாயைத் தேர்ந்தெடுத்தோம்" என்று சொல்பவரிடம் நான் வாங்குவேன்.

அக்கா, குட்டிங்க எல்லாம் போயாச்சு. இப்பதான் அம்மாவுக்குக் கண் நோய்னு தெரிஞ்சுது. வாங்கினவங்ககிட்ட சொல்லணுமா?

சொல்லவேண்டும், இந்த வாரமே. பிஆர்ஏ மாதிரி நோய் என்றால் அம்மாவுக்கு இரட்டைப் பிரதி. எனவே எல்லாக் குட்டிக்கும் குறைந்தது ஒரு பிரதி போயிருக்கும். அப்பா கிளியர் என்றால் குட்டிகள் கேரியர் மட்டும், பார்வை போகாது. அப்பா கேரியர் என்றால் குட்டிகளில் சராசரியாகப் பாதிக்கு நோய் வரும். ஆகவே முதல் போன் ஸ்டட் வைத்திருப்பவருக்கு. அந்த ஆண் நாய்க்கு உடனே பரிசோதனை, முடிவு வரும்வரை அவர் வேறு கிராசிங் விடாமல் இருக்கவேண்டும். அடுத்து குட்டி வாங்கிய ஒவ்வொரு வீடும். சிலர் கோபப்படுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். எந்தக் குட்டியையும் பரிசோதனை இல்லாமல் கிராசிங் விடவேண்டாம் என்று சொல்லி, முடிந்தால் டிஎன்ஏ செலவில் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். பார்வை மங்கப்போகும் குட்டி என்று முன்பே தெரிந்தால், அதற்குக் குரல் கட்டளைகளைச் சிறு வயதிலேயே பழக்கலாம், மொட்டைமாடிக்கும் கிணற்றுக்கும் தடுப்பு வைக்கலாம். சொல்லும்போது அம்மாவின் ரிப்போர்ட் நகலையும் அனுப்பிவிடுங்கள்; அவர்களுடைய மருத்துவருக்கு அது வேண்டியிருக்கும்.